கல்லைத் தேடி நான்கு நாள்: சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் ஒரு முழு வழிகாட்டி

சேலத்துக்கு வருகிறேன் என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், அடுத்து என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். "காலையில் ஏற்காடு போய்விட்டுச் சாயங்காலமே கிளம்பிவிடுவோம்." ஏரியில் அரை மணி நேரம் படகு, லேடீஸ் சீட்டில் ஒரு புகைப்படம், இறங்கும் வழியில் மிளகாய் பஜ்ஜி. அத்தோடு சேலம் தீர்ந்துவிடும்.

நானும் பல வருடம் அப்படித்தான் உறவினர்களை மலைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை சென்னையில் இருந்து என்னோடு ரயிலில் வந்த தங்கை மகன், கருப்பூரைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைவெளேரென்று கிடந்த மேடுகளைக் காட்டி, "மாமா, அது சுண்ணாம்பா?" என்று கேட்டான். அந்தத் தண்டவாளத்தில் கணக்கில்லாத முறை போய்வந்த எனக்குப் பதில் தெரியவில்லை. "ஏதோ கல்" என்றேன். பையன் விடவில்லை. "என்ன கல்?"

அந்தக் கேள்வியின் பின்னால் போகத் தொடங்கியதில்தான், நான் பிறந்த ஊரில் நான் பார்க்காமலே கடந்துபோனவை எத்தனை என்பது தெரிந்தது. வெள்ளைக் கல், காந்தத்தில் ஒட்டும் கறுப்பு மணல், பெயர் மாறிப்போன ஒரு சிலை, தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும் நந்தி. அவற்றைப் பார்ப்பதற்கு நான்கு நாள் போதும். எந்த நாளில் எங்கே, எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: மாதத்தைத் தீர்மானிப்பது

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்துவிடுங்கள். இந்த நான்கு நாள் பயணத்தில் எல்லாம் ஒரே மாதத்தில் கிடைக்காது.

மேட்டூர் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் நந்தியைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் வற்ற வேண்டும். அது பெரும்பாலும் கோடையின் பின்பாதி, அதுவும் மழை பொய்த்த வருடம். ஏற்காட்டில் பனிமூட்டம் வேண்டுமானால் கார்த்திகை, மார்கழி. காபிச் செடி பூத்து மலை முழுக்க மல்லிகை போல மணப்பது கோடை மழை முதல் தூறல் போட்ட பிறகு, மார்ச், ஏப்ரல் வாக்கில். நகருக்குள் குகை மாரியம்மன் கோயிலின் வண்டி வேடிக்கை ஆடியில். சாதாரண லாரியும் வேனும் அலங்காரத் தேராக மாறும். அக்கம்பக்கத்து மனிதர்களே சிவனாகவும் பார்வதியாகவும் வேடமிட்டு அசையாமல் அமர்ந்து ஊர்வலம் வருவார்கள். அதற்காக மட்டுமே ஒரு முறை தனியாக வரலாம்.

என்னைக் கேட்டால் மாசிக் கடைசியோ பங்குனித் தொடக்கமோ சரி. வெயில் இன்னும் மண்டையைப் பிளக்கத் தொடங்கியிருக்காது. கோடை விழா நடக்கும் மே மாதத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்போது ஏற்காட்டுக்கு ஒரு பாதையில் ஏறி மறு பாதையில் இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள். மலையைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னிருந்து செய்தித்தாளில் மேட்டூர் அணை நீர்மட்டத்தைக் கவனித்து வாருங்கள். தினமும் வரும். முழுக் கொள்ளளவு 120 அடி. மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். விவசாயிகளுக்கு அது அதிர்ஷ்டம் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே போய் உரக்க மகிழ வேண்டாம்.

எடுத்துவர வேண்டியவை அதிகமில்லை. ஒரு டார்ச். ஒரு காந்தம், பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றியது போதும். அதைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் பை. காந்தம் எதற்கு என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

முதல் நாள்: வெள்ளைக் கல்லும் கறுப்பு மணலும்

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கருப்பூர்ப் பக்கம் போய்விடுங்கள். ஓமலூர் செல்லும் பஸ் எல்லாம் அந்த வழிதான். ரயிலில் சென்னைப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள், சேலம் ஜங்ஷனுக்குச் சற்று முன்பாக ஒரு சிறிய நிலையத்தின் பெயர்ப் பலகையைத் தேடுங்கள்: மேக்னசைட் ஜங்ஷன். ஒரு கனிமத்தின் பெயரில் ரயில் நிலையம் வேறு எத்தனை இருக்கும்? பக்கத்திலேயே வெள்ளக்கல்பட்டி என்ற ஊர். ரயில்வேக்காரர்கள் ஆங்கிலத்தில் வைத்த பெயரை ஊர்க்காரர்கள் எப்போதோ தமிழில் வைத்துவிட்டார்கள்.

தங்கை மகனின் கேள்விக்குப் பதில் இதுதான்: அது சுண்ணாம்பு இல்லை, மெக்னீசியம் கார்பனேட். வெள்ளைக்காரர்களும் அவனைப் போலத்தான் ஏமாந்தார்கள். அவர்களுடைய பழைய குறிப்புகளில் இந்த மேடுகளுக்குச் சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்ற பொருளில்தான் பெயர். பூமியின் ஆழத்தில் இருந்து வந்த டூனைட் என்ற கரும்பச்சைப் பாறைக்குள், கரியமிலவாயு கலந்த நீர் இறங்கி வினை புரிந்ததில் வெள்ளை நரம்புகள் உண்டாயின. வெட்டிய சரிவுகளைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அந்த நரம்புகள் தெரியும். யாரோ மலை மேல் தயிரைக் கொட்டி, அது வழிந்து உறைந்தது போல இருக்கும்.

இந்தக் கல்லைச் சுட்டுச் செய்யும் செங்கல்தான் எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவர். எரிகிற உலைக்குள் உருகாமல் நிற்கும். சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது, நுழையவும் வேண்டாம். சாலையில் இருந்து பார்ப்பதே போதுமான காட்சி. மழை பெய்த மறுநாள் பார்த்தால் தூசி அடங்கி வெள்ளை இன்னும் பளிச்சென்று இருக்கும்.

அங்கிருந்து நகருக்குத் திரும்பி, கஞ்சமலை பக்கம் போகும் டவுன் பஸ் பிடியுங்கள். "சித்தர் கோயில்" என்று கேட்டால் போதும். கஞ்சமலை, சேலத்துக்குத் தென்மேற்கில் கிழக்கு மேற்காக நீளும் தனி மலை. அடிவாரத்தில் சித்தேஸ்வர சுவாமி கோயில். அமாவாசை அன்று மட்டும் போகாதீர்கள். போனால் கூட்டத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கும்.

கோயிலில் கும்பிட்டு முடித்ததும் மலையில் இருந்து இறங்கும் ஏதாவது ஓடைக்குப் போங்கள். காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, காய்ந்திருந்தால் இன்னும் நல்லது. காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் இழுங்கள். கறுப்புத் துகள்கள் மீசை போல முளைத்துக்கொண்டு நிற்கும். அவை மேக்னடைட், இரும்புத் தாது. மலை முழுக்க அதுதான். பையை உள்ளிருந்து வெளிப்புறமாகத் திருப்பி உதறினால் மணல் காந்தத்தை விட்டுப் பையில் தங்கிவிடும். பையைப் போடாமல் செய்த என் காந்தத்தில் இன்றுவரை கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழங்காலக் கொல்லர்கள் இப்படிப்பட்ட தாதுவைத்தான் மண் உலையில் கரியோடு சேர்த்து உருக்கினார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'உட்ஸ்' எஃகு சேலம் வட்டாரத்திலும் உருவானது. அந்தப் பெயரே 'உருக்கு' என்ற சொல்லின் திரிபு என்று சொல்வார்கள். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியது இந்த வட்டாரத்துத் தாதுவை நம்பித்தான். இன்று அதே கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது தகடு உருட்டும் ஆலையாகத்தான் தொடங்கியது. எஃகை வெளியில் இருந்து கொண்டுவந்து இங்கே உருட்டினார்கள். இரும்பு மலை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் உலைக்கு வேண்டிய வெள்ளைக் கல், மறுபக்கம் உலைக்குள் போட வேண்டிய கறுப்புக் கல், இரண்டும் ஒரே ஊரில்! இந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டு ஆலை வேண்டும் என்று கேட்டதில் வியப்பில்லை.

மதியம் சாப்பிட்டுச் சற்று படுத்து எழுந்து, கோட்டை சாலைப் பக்கம் வாருங்கள். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் எது என்று கேளுங்கள்.

முனியப்பன் இந்த வட்டாரத்தின் தெய்வம். சேலம், தருமபுரிச் சாலைகளில் பயணம் செய்தால் முறுக்கு மீசையும் அரிவாளுமாக ஆள் உயரத்தைத் தாண்டி அமர்ந்திருக்கும் முனியப்பன்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். இந்த முனியப்பன் மட்டும் வேறு மாதிரி. கையில் ஆயுதம் இல்லை. தாமரைப் பீடத்தில் காலை மடித்து, இரு கைகளையும் மடியில் வைத்து, சுருள் முடியும் நீண்ட காதுமாகத் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். தொல்லியல் துறை ஆய்வு செய்து அறிக்கை கொடுத்ததன் பேரில், இது புத்தர் சிலையே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. தலை ஒருகாலத்தில் உடலில் இருந்து துண்டிக்கப்பட்டுப் பிறகு ஒட்டவைக்கப்பட்டிருப்பதையும் அந்த ஆய்வு சொன்னது. 'தலைவெட்டி' என்ற பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வேண்டுகோள். சிலை யாருடையது என்று அங்கு நிற்பவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம். தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைத்தவர்களுக்கு அது முனியப்பன். இரண்டு பெயரையும் ஒரே கல் சுமந்துகொண்டிருப்பதுதான் எனக்குச் சுவாரசியம். இந்தச் சிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் நாள் தேவைப்படும்.

பொழுது சாயும்போது செவ்வாய்ப்பேட்டைக்குப் போங்கள். கொலுசுப் பட்டறைகள் வீட்டோடு வீடாக இருக்கின்றன. வெள்ளியை உருக்குவது ஓரிடம், கம்பியாக இழுப்பது ஓரிடம், கோப்பதும் பற்றவைப்பதும் வேறிடம், மெருகேற்றுவது இன்னோர் இடம். ஒரு கொலுசு காலுக்கு வருவதற்குள் நான்கைந்து வாசல் ஏறி இறங்கிவிடும். வாசலில் நின்று கேட்டுவிட்டுப் பாருங்கள். வேலை நடக்கும்போது வெள்ளித் தூள் விழுந்த தரையில் கண்டபடி நடக்கக் கூடாது. அந்தத் தூளைக் கூட்டிச் சேர்த்து மறுபடியும் உருக்குவார்கள். உங்கள் செருப்பில் ஒட்டிப் போவது அவர்கள் காசு.

பிறகு தட்டுவடை செட். இதைச் சொல்லாமல் விட்டால் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். உள்ளங்கையில் பாதி அளவு தட்டுவடை இரண்டு, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், அவற்றைப் பிடித்துவைக்கக் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும். ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட முயன்றால் பாதி சட்டையில் விழும். பெரிய உணவகத்தில் தேடாதீர்கள். தெருமுனைத் தள்ளுவண்டியில், நான்கு பேர் தட்டோடு நின்றுகொண்டிருக்கும் இடத்தில் சாப்பிடுங்கள்.

இரண்டாம் நாள்: மலை ஏறுவது

முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஏற்காடு சாலையில் போகும்போது சாலையோரம் ஒரு தனி வளைவு நிற்பதைப் பார்ப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் அது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938இல் வந்தது இந்த நிறுவனத்தில் இருந்துதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956இல் கொடுத்ததும் இவர்கள்தான். நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டூடியோவில் வளைவு மட்டும் மிச்சம். பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் போதும், இறங்க வேண்டாம்.

அடிவாரத்துக்குப் பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். எண் போட்டிருப்பார்கள். மலைப்பக்கம் உள்ள ஜன்னலில் உட்காருங்கள். எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்க்க அடித்துக்கொள்வார்கள் என்பதால் அந்த இருக்கை எளிதில் கிடைக்கும். சாலைக்காக வெட்டிய பாறை முகம் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். எண்ணெய் தடவியது போல மினுங்கும் கரும்பச்சைக் கல். அதன் பெயர் சார்னோக்கைட்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்த வகைக் கல் சென்னைப் பல்லாவரத்தில் இருந்து போனது. பிற்காலத்தில் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். ஏற்காட்டைச் சுமக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு முழுக்க இந்தக் கல்தான். பல்லாவரத்தை மறந்துவிடாதீர்கள், இன்னும் அரை மணி நேரத்தில் திரும்ப வரும்.

ஏற்காட்டில் இறங்கியதும் ஏரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு நடங்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்து, அங்கிருப்பவரிடம் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் எங்கே என்று கேளுங்கள்.

இந்திய வரலாற்றுக்கு முந்தைய ஆய்வின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்த மண்ணில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அதுவரை யாரும் சான்று காட்டியதில்லை. புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே தென்னிந்தியா முழுக்கக் கல் பொறுக்கியவர். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் சேர்த்த கற்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. எழும்பூரில் நாம் பார்க்கும் கற்கால அறையின் பெரும்பகுதி அவர் கை பட்டது. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி இந்த மலைக்கு வந்தது. சார்னாக்கின் கல் தெற்கில் இருந்து கல்கத்தா போனது, ஃபூட்டின் சாம்பல் கல்கத்தாவில் இருந்து தெற்கே வந்தது. ஒருவர் பெயரில் கல், இன்னொருவருக்குக் கல்லே வாழ்க்கை. இதை அங்கே நின்றபோது நான் யாரிடமாவது சொல்லத் துடித்தேன். பக்கத்தில் ஒரு நாய் மட்டும் இருந்தது.

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவலும் தமிழருக்கு வேண்டியவர்தான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். 1882இல் ஏற்காட்டில்தான் இறந்தார்.

தேவாலயத்தில் இருந்து அடுத்து, தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம். 1963 முதல் இருக்கிறது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியைப் பார்க்கலாம். அலுவலக நாளில் போங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டியதில்லை, ஆர்க்கிட் பித்து உள்ளவர்களைத் தவிர.

இதன் பிறகு ஒரு ஆட்டோவையோ ஜீப்பையோ பேசிக்கொள்வது நல்லது. கிராமங்களுக்கு பஸ் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். வழி நெடுகிலும் சவுக்கு போல நிமிர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காபி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சேலம் கலெக்டராக இருந்த 1820களில் கொண்டுவந்தது அந்தக் காபி. மாலையானால் காட்டுமாடுகள் சாலைக்கு வரும். வண்டியை நிறுத்தி விளக்கைத் தணித்துவிட்டுக் காத்திருங்கள். ஒலி எழுப்ப வேண்டாம். அது போகிற வேகத்தில்தான் போகும்.

பகோடா பாயின்ட்டில் கற்களைக் கூம்பாக அடுக்கிய குவியல்கள் உண்டு. மலைமக்கள் அடுக்கியவை என்பார்கள். எல்லாரும் அதன் மேல் சாய்ந்து படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் விளிம்புக்குப் போய்க் கீழே பாருங்கள். காக்கம்பாடி கிராமம் தெரியும். இந்த மலையின் பூர்வகுடிகள் மலையாளிகள் என்று அழைக்கப்படுகிறார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ்தான், மலையை ஆள்வதால் மலையாளி. காஞ்சிபுரத்தில் இருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கோடரிகளைக் கண்டெடுத்துச் சிறு கோயில்களில் சாமியாக வைத்துக் கும்பிடுவது இந்த மலையில் பழைய வழக்கம். ஃபூட் இங்கே சேகரித்ததில் அப்படிப்பட்டவையும் உண்டு. மரத்தடிக் கோயில் எதிலாவது கையளவு மழுங்கிய கல்லைப் பார்த்தால் தொடாமல் பாருங்கள். அது நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய யாரோ ஒருவரின் கருவியாக இருக்கலாம்.

கடைசியாகச் சேர்வராயன் கோயில், மலையின் உச்சி. ஐயாயிரம் அடிக்கு மேல் ஏறிவிட்டு, மேலே போனால் கால்பந்து மைதானம் போலத் தட்டையாக இருக்கும். மண்ணின் நிறம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். செக்கச்செவேலென்ற மண், பாக்சைட். அலுமினியம் எடுக்கும் தாது. அடிவாரத்தில் வெள்ளை, உடம்பில் கறுப்பு, தலையில் சிவப்பு. கோயில் ஒரு குகை. குனிந்துதான் நுழைய முடியும், உள்ளே ஈரமும் இருட்டும் எண்ணெய் வாசமும். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள். குகை அப்படியே காவிரி வரை போகிறது என்று பூசாரிகள் சொல்வார்கள். டார்ச்சைச் சாமி முகத்தில் அடிக்காதீர்கள், காலடியில் அடியுங்கள், தரை வழுக்கும்.

இறங்கும்போது முடிந்தால் குப்பனூர் வழியாக இறங்குங்கள். வண்டி குறைவு, மரம் அதிகம்.

மூன்றாம் நாள்: தாரமங்கலமும் மூழ்கிய நந்தியும்

தாரமங்கலம் சேலத்துக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குள் கைலாசநாதர் கோயிலில் இருக்க வேண்டும். நான் முதல்முறை போனபோது நிதானமாக இட்லி சாப்பிட்டு, வழியில் இளநீர் குடித்து, பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நடை சாத்தியிருந்தது. மாலை நான்கு மணி வரை கோபுரத்தை வெளியில் இருந்து பார்த்தேன். அதனால் ஒரு நன்மை: கோபுரத்தின் அடிப்பகுதியை யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேராகச் செதுக்கியிருப்பதை நிதானமாகப் பார்த்தேன். அவசரமாக நுழைந்திருந்தால் தவறவிட்டிருப்பேன்.

கெட்டி முதலியார்கள் என்ற குறுநில மன்னர்கள் கட்டிய கோயில் இது. 17ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. மேற்குப் பார்த்த சன்னதி. பார்க்க வேண்டிய முறையைச் சொல்கிறேன்.

முதலில் மண்டபத்துக்குள் போய்த் தலையை உயர்த்துங்கள். விதானத்தில் கல் தாமரை தலைகீழாகத் தொங்கும், அதன் இதழ்களில் கிளிகள் தொங்கிக்கொண்டு கொத்தும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் செதுக்கின் ஆழம் தெரியும். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பிறகு கல் சங்கிலி. ஒரே கல்லில் வளையத்துக்குள் வளையமாக வெட்டியது. யாளியின் வாய்க்குள் கல் உருண்டை இருக்கும், விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது.

பிறகு இராமரும் வாலியும். இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஒரு தூணில் இராமர் வில்லோடு மறைந்து நிற்கிறார். இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். இராமர் நிற்கும் இடத்தில் நீங்கள் நின்றால் வாலி தெரிவான். வாலியின் இடத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் இராமர் தெரியமாட்டார். இருவராகப் போயிருந்தால் ஆளுக்கொரு தூணில் நின்று பாருங்கள். கதை தெரிந்த எந்தக் குழந்தையும் இங்கே "அப்படியானால் அது நியாயமா?" என்று கேட்கும். சிற்பி அந்தக் கேள்வியைக் கல்லிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மாசி மாதம் 9, 10, 11 தேதிகளில் மாலை வெயில் நேராகக் கருவறை வரை போகும் என்பார்கள். அந்த நாட்களில் கூட்டம் அதிகம், ஒளியைப் பார்க்க ஒருவர் தலை மேல் ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். வெளியே எண்கோணத் தெப்பக்குளம் உண்டு. ஒரு கல்லை எறிந்தால் எட்டுச் சுவரிலும் பட்டு எறிந்த இடத்துக்கே வரும் என்பது ஊர்ப் பேச்சு. சோதித்துப் பார்க்க வேண்டாம், கோயில்காரர்கள் திட்டுவார்கள்.

மதியம் மேட்டூர். அணையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, 1925இல் தொடங்கி 1934இல் முடித்தார்கள். கட்டி முடித்தபோது நீர்த்தேக்கத்துக்குள் இருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டன. மனிதர்கள் போனார்கள், மாடு போனது. கோயிலும் தேவாலயமும் எழுந்து போக முடியாது அல்லவா?

மேட்டூரில் இருந்து கொளத்தூர் பஸ். அங்கிருந்து பண்ணவாடி பரிசல் துறை. நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே போகும்போது தண்ணீரில் இருந்து தேவாலயக் கோபுரத்தின் உச்சி எழும். இன்னும் பத்து அடி இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தலை தூக்கும். இன்னும் வற்றினால் நடந்தே போய்த் தொட்டுப் பார்க்கலாம். பக்தர்கள் நந்திக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்துவிட்டு வருவார்கள். ஈரச் சேறு காய்ந்து வெடித்த தரை மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே முழங்கால் வரை இழுக்கும். உள்ளூர்க்காரர்கள் நடந்த தடத்திலேயே நடங்கள்.

நீர்மட்டம் அதிகமாக இருந்தால் என்ன செய்வது? பரிசல் துறையில் இருந்து எதிர்க்கரை நாகமரைக்குப் படகு உண்டு. அது தருமபுரி மாவட்டம். சாலையில் சுற்றினால் நெடுந்தூரம் என்பதால் இரண்டு சக்கர வண்டியையும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு மக்கள் அதில்தான் போய்வருகிறார்கள். நடுவில் போகும்போது படகோட்டியிடம், "நந்தி எங்கே?" என்று கேளுங்கள். ஒன்றும் இல்லாத தண்ணீரில் விரலை நீட்டி, "அதோ அங்கே" என்பார். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை நந்தியைப் பார்த்தேன், ஒரு முறை அந்த விரலை. எது அதிகம் நினைவில் இருக்கிறது என்று கேட்டால் விரலைத்தான் சொல்வேன்.

நான்காம் நாள்: கிழக்கே

ஆத்தூர் சாலை. காலையில் சற்றுத் தாமதமாகக் கிளம்பினாலும் தவறில்லை. ஆத்தூருக்கு முன்னால் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயர முத்துமலை முருகன் சிலை பஸ்ஸில் இருந்தே தெரியும். 2022இல் குடமுழுக்கு நடந்தது. மலேசியாவின் பத்துமலைச் சிலையைவிட ஆறு அடி அதிகம் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் கட்டாயம் உங்களிடம் சொல்வார். உங்களுக்கு முருகன் மேல் பக்தி இருந்தால் இறங்குங்கள். யாருக்கும் தெரியாததைத் தேடி வந்தவர்களுக்கு இது அவ்வளவு தேவையில்லை, பத்து மைல் தள்ளியிருந்தே தெரிகிறதே!

நம் இடம் தலைவாசல். அங்கே இறங்கி ஆறகழூர் பஸ் பிடியுங்கள். ஆறு அகழிகள் சூழ்ந்த ஊர் என்பதால் அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்வார்கள். வாணகோவரையர்கள் என்ற குறுநில மன்னர்கள் மகதை மண்டலம் என்ற இந்தப் பகுதியை ஆண்ட தலைநகர் இது. இன்று ஓர் அமைதியான கிராமம். காமநாதீஸ்வரர் கோயிலில் எட்டுப் பைரவர்கள் இருக்கிறார்கள். தேய்பிறை அஷ்டமி இரவில் மட்டும் ஊர் திடீரென்று நகரமாகிவிடும். மற்ற நாளில் கல்வெட்டுகளை நிதானமாகத் தடவிப் பார்க்கலாம். எழுத்து புரியாவிட்டாலும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

கோயிலில் கேட்டுக்கொண்டு பக்கத்து ஊரான தியாகனூருக்குப் போங்கள். வெயில் இல்லாவிட்டால் நடக்கலாம். இங்கே இரண்டு புத்தர் சிலைகள் இருக்கின்றன. இரண்டும் தியானத்தில் அமர்ந்த பெரிய சிலைகள். ஒன்றுக்கு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் புத்தரைப் புத்தர் என்றே சொல்கிறார்கள், மற்றத் தெய்வங்களுக்குச் செய்வது போலவே பூவும் விளக்கும் வைக்கிறார்கள்.

உட்காருங்கள். முதல் நாள் கோட்டை சாலையில் பார்த்த முனியப்பனை நினைத்துக்கொண்டு பாருங்கள். அதே மடித்த கால், மடியில் அதே கைகள், அதே சுருள் முடி. அங்கே நகரத்து இரைச்சல், இங்கே சுற்றிலும் வயல். மண்டபத்தில் மதியத்துக்கு மேல் காற்று வரும். என் தங்கை மகனை அங்கே கூட்டிப்போனபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, இது என்ன கல்?" என்று கேட்டான்.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். தலைவாசலுக்குத் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று, வரும்போதே நடத்துனரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தலைவாசலுக்கு வந்துவிட்டால் சேலத்துக்கு இரவு வரை பஸ் இருக்கிறது.